பாதம் எரிகிறது, கூடவே மரத்தும் போகிறது: சர்க்கரை நோயில் நரம்புப் பாதிப்பு

வேம்படி நிழல்:

வணக்கம். எனக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், பல வருடங்களாக. கொஞ்ச காலமாக ராத்திரி படுத்ததும் உள்ளங்கால் இரண்டும் எரிகிறது. பகலில் வேலையில் இருக்கும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. விளக்கை அணைத்தால் போதும், தொடங்கிவிடும். போர்வை விரல் மேல் பட்டாலே தாங்க முடியவில்லை. காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படுக்கிறேன். எனக்குப் புரியாதது இதுதான்: அதே விரலைக் கிள்ளிப் பார்த்தால் உணர்வு சரியாகத் தெரிவதில்லை. எரிச்சலும் மதமதப்பும் ஒரே இடத்தில் எப்படி இருக்கும்?

மருத்துவரிடம் சொன்னேன். "சுகர் கட்டுப்பாட்டில்தானே இருக்கிறது, சத்துக் குறைவாக இருக்கும்" என்று ஒரு விட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். செருப்பைக் கழற்றச் சொல்லவே இல்லை. இது நரம்புப் பாதிப்புதானா? எப்படி உறுதிசெய்வது? திரும்பச் சரியாகுமா? தெரிந்தவர்கள் விளக்கமாகவே எழுதுங்கள், படிக்கப் பொறுமை இருக்கிறது.

தென்றல் 73:

அப்படியே எனக்கும் நடந்தது. எரிச்சலுக்கு முன்னால் எனக்கு வந்தது வேறு: வெறுங்காலோடு நிற்கும்போதே சாக்ஸ் போட்டிருக்கிறேன் என்று தோன்றும். குனிந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. முதலில் கட்டைவிரல் நுனி, அப்புறம் பாதத்தின் முன்பகுதி, மெல்லக் கணுக்கால் வரை ஏறியது. நடுநடுவே சுரீர் என்று ஒரு குத்தல். இரண்டு காலிலும் ஒரே மாதிரி.

ஒரு காலில் மட்டும் இருந்தாலோ, இடுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு இறங்கினாலோ அது முதுகெலும்புப் பிரச்சினையாகவும் இருக்கலாம் என்று என் மருத்துவர் சொன்னார். உங்களுக்கு எப்படி?

வேம்படி நிழல்:

இரண்டு பக்கமும் சமமாகத்தான். இடுப்பில் ஒன்றும் இல்லை.

இரவுப் பணி:

நான் பொது மருத்துவர். சர்க்கரை நோயாளிகளைத் தினமும் பார்க்கிறேன். உங்கள் காலைப் பார்க்காமல் இதுதான் என்று முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பாதமும், விரலிலிருந்து மேலே ஏறுவதும், ராத்திரியில் கூடுவதும், போர்வை பட்டால் வலிப்பதும் சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது நரம்புப் பாதிப்பைத்தான்.

ஏன் பாதத்தில் தொடங்குகிறது? உடம்பிலேயே நீளமான நரம்பு இழைகள் கீழ்முதுகிலிருந்து கால்விரல் நுனி வரை ஓடுபவை. ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்த இழையின் செல் முதுகெலும்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. விரல் நுனிக்கு வேண்டிய பொருள்களை அங்கிருந்துதான் அனுப்பியாக வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் கூடியிருந்தால் நரம்புக்குள் அது சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாறித் தேங்குகிறது, புரதங்களில் ஒட்டி அவற்றைக் கெடுக்கிறது, நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய நாளங்களும் தடித்துப்போகின்றன. இதில் முதலில் அடிபடுவது நீள இழையின் கடைசி முனை. பாதிப்பு முழங்கால் பக்கம் ஏறிவரும்போதுதான் பொதுவாகக் கைவிரல்களில் ஆரம்பிக்கும். கால் நன்றாக இருந்து கை மட்டும் மரத்தால், மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுகிறதா என்று பார்ப்போம். அதுவும் சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வருவதுதான்.

எரிச்சலும் மதமதப்பும் ஒன்றாக இருப்பது பற்றிக் கேட்டீர்கள். வலி, சூடு, குளிர் ஆகியவற்றைக் கொண்டுபோவது மெல்லிய இழைகள். தொடுதல், அதிர்வு, கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவல் எல்லாம் தடித்த இழைகளில் போகின்றன. சேதமான மெல்லிய இழை, யாரும் தொடாமலேயே 'வலி' என்று சேதி அனுப்பிக்கொண்டிருக்கும். அதே சமயம் வெளியிலிருந்து வரும் சூடு, கிள்ளல் போன்றவற்றைச் சரியாகக் கடத்தாது. அதனால் வெந்நீர் பட்டால் தெரியாத கால், ராத்திரி நெருப்பாக எரியும்.

சோதனை கடினமானதல்ல, சில நிமிட வேலை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் சில இடங்களில் வைத்து 'தெரிகிறதா' என்று கேட்போம். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்போம். குண்டூசி நுனி, குதிகால் தசைநாரில் சுத்தியல் தட்டு, அவ்வளவுதான். மின்சாரம் வைத்துச் செய்யும் நரம்புக் கடத்தல் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. அது தடித்த இழைகளைத்தான் அளக்கும். மெல்லிய இழைகள் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் ரிப்போர்ட் நார்மல் என்றே வரும். அதை வைத்து "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று யாராவது அனுப்பினால் ஏற்காதீர்கள்.

இரண்டாம் வகைக்காரர்களுக்கு நோய் கண்டுபிடித்த நாளிலேயே இந்தப் பாதச் சோதனை செய்ய வேண்டும், ஏனென்றால் நோய் அதற்கு முன்பே சத்தமில்லாமல் இருந்திருக்கும். முதல் வகைக்கு, கண்டுபிடித்து 5 வருடம் ஆனதிலிருந்து. அப்புறம் இருவருக்குமே வருடம் ஒரு முறையாவது.

இன்னொன்று, சர்க்கரை இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் சர்க்கரையின் தலையில் போட முடியாது. பி12 குறைவு, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, மதுப்பழக்கம், சில புற்றுநோய் மருந்துகள் எல்லாம் இதே அறிகுறியைத் தரும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை வெகுகாலம் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த விஷயம். ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

திரும்பச் சரியாகுமா? போன உணர்வு முழுசாகத் திரும்புவது அரிது. மேலும் போகாமல் தடுப்பதும், வலியைக் குறைப்பதும், பாதத்தைக் காப்பாற்றுவதும் நம் கையில் இருக்கின்றன. 1993-இல் வெளியான டிசிசிடி என்ற சர்க்கரை நோய் ஆய்வில், முதல் வகை நோயாளிகளிடம் சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியபோது நரம்புப் பாதிப்பு ஏற்படுவது ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகையில் சர்க்கரையை மட்டும் குறைத்தால் அவ்வளவு பலன் கிடைப்பதில்லை. எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை, நடை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கயல் மகள்:

எல்லோரும் வலியைப் பற்றி எழுதுகிறீர்கள். என் அப்பாவுக்கு வலியே இல்லை, அதுதான் எங்கள் பிரச்சினை.

"எனக்குக் காலில் ஒன்றும் கிடையாது, ஒரு நாள் எரிந்தது கிடையாது" என்று பெருமையாகச் சொல்வார். ஒரு சாயங்காலம் அவருடைய சாக்ஸைத் துவைக்க எடுத்தேன். முன்பக்கம் காய்ந்த பழுப்புக் கறை. ஷூவைக் கவிழ்த்தால் ஒரு சிறிய திருகாணி விழுந்தது. காலையிலிருந்து அதன் மேலேயே நடந்திருக்கிறார். பெருவிரலுக்குக் கீழே குழி விழுந்திருந்தது, அதைச் சுற்றித் தோல் வெளுத்து ஊறியிருந்தது. நான் அதைத் துடைக்கும்போதுகூட அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்தப் புண் ஆற வெகுகாலம் ஆனது. சிகிச்சைக்குப் போன இடத்தில் ஒரு செவிலியர் எனக்குக் கற்றுக்கொடுத்த சோதனையை இங்கே எழுதுகிறேன், வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவானதால் இப்ஸ்விச் தொடு சோதனை என்பார்கள். சர்க்கரை நோய் உள்ளவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கால்விரல் நுனியை மெதுவாக, ஒன்றிரண்டு வினாடி மட்டும் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, வருடக் கூடாது. வலது கால் என்றால் 'வலது', இடது என்றால் 'இடது' என்று அவர் சொல்ல வேண்டும். இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல், ஆக 6 விரல். பதில் வரவில்லை என்று மறுபடி தொட்டுப் பார்க்கக் கூடாது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட விரல்களில் தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது என்று அர்த்தம், உடனே முறையான பரிசோதனைக்குப் போக வேண்டும்.

அப்பாவுக்கு ஆறில் ஒன்றுகூடத் தெரியவில்லை. நான் தொட ஆரம்பித்து முடித்துவிட்டேன். அவர் கண்ணை மூடியபடியே "சரி, ஆரம்பி" என்றார்.

வேம்படி நிழல்:

படித்துவிட்டு மனைவியைச் செய்யச் சொன்னேன். இரண்டு சுண்டுவிரலும் ஒரு நடுவிரலும் தெரியவில்லை. வேறு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

குறிஞ்சி:

ஒரு சந்தேகம். எனக்கு இரண்டு மூன்று வருடம் பயங்கரமாக எரிந்தது, இப்போது தானாகவே குறைந்துவிட்டது. மருந்து எதுவும் எடுக்கவில்லை. அப்படியென்றால் நரம்பு ஆறிவிட்டது என்றுதானே?

இரவுப் பணி:

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டு வலி குறைவதும் உண்டு. ஆனால் வலியைச் சொல்லும் இழைகளே செத்துப்போனாலும் வலி நின்றுவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு உள்ளே தெரியாது. பாதத்தைச் சோதித்தால்தான் தெரியும். எரிச்சல் போய் உணர்வும் போயிருந்தால், முன்பைவிட ஆபத்தான கட்டத்தில் இருக்கிறீர்கள். எரிச்சலோடு வருபவர்கள் எப்படியும் எங்களிடம் வந்துவிடுகிறார்கள். என்னைத் தூங்க விடாதவர்கள் எரிச்சல் இல்லாதவர்கள்தான்.

காலடி:

பாதச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். கயல், உங்கள் அப்பா மாதிரி ஆட்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். நிறைய எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புண் வருவது ஆணி குத்தியதால் மட்டுமல்ல. நரம்பு கெட்டால் பாதத்தில் மூன்று விஷயம் சேர்ந்து நடக்கிறது. உணர்வு போகிறது. பாதத்துக்குள் இருக்கும் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் பறவையின் கால்நகம் போல வளைந்து மடங்குகின்றன. அதனால் விரல்களுக்குக் கீழே இருக்கும் எலும்பு முனைகள் துருத்திக்கொண்டு தரையில் அழுந்துகின்றன. வியர்வை சுரக்கும் நரம்பும் போவதால் தோல் காய்ந்து வெடிக்கிறது. அழுந்தும் இடத்தில் தோல் தடித்துக் காய்ப்பு விழும். சாதாரண ஆளுக்கு அங்கே வலிக்கும், தன்னையறியாமல் காலைச் சாய்த்து வைத்து நடப்பார். உணர்வு இல்லாதவர் அதே இடத்தில் அதே அழுத்தத்தில் ஆயிரக்கணக்கான முறை மிதிப்பார். காய்ப்புக்கு அடியில் கருநீலமாக ஒரு புள்ளி தெரிந்தால், அங்கே ஏற்கெனவே ரத்தம் கசிந்து புண் உருவாகிவிட்டது என்று அர்த்தம். மேலே தோல் மூடியிருக்கும், கீழே குழி.

இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட். அவர்களுடைய கால் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் திரும்பத் திரும்பக் காயப்படுகிறது என்று காட்டினார். சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் அதே பாடம்தான். அதனால்தான் உள்ளங்கால் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது மட்டும் போதாது என்று நாங்கள் கத்திக்கொண்டே இருக்கிறோம். அந்த இடத்தில் எடை விழாமல் செய்ய வேண்டும். பாதத்தோடு ஒட்டி முழங்காலுக்குக் கீழே வரை போடும் மாவுக்கட்டு அதற்குத்தான். தினமும் கட்டு மாற்றிவிட்டு அதே காலில் நடந்து வீட்டுக்குப் போனால் புண் எப்படி ஆறும்?

வீட்டில் என்ன செய்யலாம்? தினமும் ஒரே நேரத்தில் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள், கண் மங்கலாக இருந்தால் வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். விரல் இடுக்குகளை விரித்துப் பார்க்க வேண்டும், பாதிப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள். ஷூ போடும் முன் கையை உள்ளே விட்டுத் துழாவுங்கள். திருகாணி, சிறு கல், மடங்கிய உள்தோல் எல்லாம் கைக்குத் தெரியும். சாக்ஸ் வெளிர் நிறத்தில் இருந்தால் கசிவு உடனே கண்ணில் படும். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள். காலால் பார்க்காதீர்கள். வெந்நீர்ப் பை, ஹீட்டர் முன் கால் நீட்டுவது, எரிச்சலுக்கு வெந்நீரில் ஊறவைப்பது, எதுவும் வேண்டாம். கொப்புளம் வந்த பிறகுதான் சூடு என்றே தெரிந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். எண்ணெய்ப் பசையுள்ள களிம்பைப் பாதத்தில் தடவலாம், விரல் இடுக்கில் தடவக் கூடாது, ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். நகத்தை நேராக வெட்டுங்கள். காலாணிக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாங்கி ஒட்டாதீர்கள், அதில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். பிளேடால் சீவுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஷூவின் உள்நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். சாயங்காலத்தில் வாங்குங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். உணர்வு குறைந்தவர்கள் இறுக்கமான ஷூவைத்தான் 'சரியாக இருக்கிறது' என்று சொல்வார்கள், இறுக்கினால்தான் அவர்களுக்குத் தெரிகிறது. அதனால் காலின் பேச்சைக் கேட்காமல் அளவெடுத்து வாங்குங்கள்.

புதிதாகச் சிவப்பு, சூடு, வீக்கம், நீர்க்கசிவு, நாற்றம், கருத்த விரல், காய்ச்சல் என்று எது இருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும், அடுத்த வாரச் செக்கப்புக்குத் தள்ளிப்போடாதீர்கள். காரணமில்லாமல் சுகர் ஏறினாலும் காலைப் பாருங்கள். உள்ளே தொற்று இருந்தும் காய்ச்சல் வராதவர்கள் உண்டு.

கயல் மகள்:

அந்த முழங்கை விஷயம் யாரும் சொன்னதில்லை. நன்றி அக்கா.

நல்லதே நடக்கும்:

இவ்வளவு பெரிய கதை எதற்கு? எனக்கும் இதே பிரச்சினை. நரம்புக்கான விட்டமின் ஊசியும் மாத்திரையும் போட்டேன், சரியாகிவிட்டது. வலிக்கு மருந்து கொடுத்து மயக்கத்தில் வைப்பதைவிட நரம்புக்கு உணவு கொடுப்பதுதான் வைத்தியம். வேம்படி, உங்கள் பழைய மருத்துவர் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். டோஸைக் கூட்டிக் கேளுங்கள்.

இரவுப் பணி:

டோஸைக் கூட்டுங்கள் என்று யாருக்கும் சொல்லாதீர்கள், தயவுசெய்து. நரம்பு மாத்திரை என்று விற்கும் பலவற்றில் பி6 சேர்ந்திருக்கிறது. அதை அதிக அளவில் தொடர்ந்து எடுத்தால் அதுவே உணர்வு நரம்புகளைக் கெடுக்கும். காலில் மதமதப்புக்கு மாத்திரை எடுத்து, அந்த மாத்திரையாலேயே மதமதப்பு கூடி, இன்னும் ஒன்று சேர்த்து எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

உங்களுக்குச் சரியானதை நான் மறுக்கவில்லை. மெட்ஃபார்மின் எடுக்கிறீர்களா? ஊசிக்கு முன்னால் பி12 அளவு பார்த்தார்களா?

நல்லதே நடக்கும்:

மெட்ஃபார்மின் ரொம்ப வருடமாக எடுக்கிறேன். ரத்தத்தில் எதுவும் பார்க்கவில்லை. பார்த்துவிடுகிறேன். ஆனாலும் விட்டமினே வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இரவுப் பணி:

குறைவு இருந்தால் விட்டமின் கட்டாயம் வேண்டும், பி12 குறைவால் வந்த பாதிப்பு என்றால் சீக்கிரம் கொடுத்தால்தான் மீளும். அளவு சரியாக இருப்பவருக்கு மேலும் மேலும் ஏற்றுவதால் சர்க்கரையால் போன நரம்பு திரும்பாது. நான் சொல்வது அவ்வளவுதான்.

நீலவானம்:

நான் முதல் வகை. எனக்கு நடந்தது வேறு மாதிரி, யாருக்காவது உதவும். காலேஜ் காலம் முழுக்க சுகர் தறிகெட்டு இருந்தது, அப்போது காலில் எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு இன்சுலின் பம்ப் மாட்டி, முழு மூச்சாகக் கட்டுப்படுத்தினேன். எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, சரசரவென்று இறங்கியது. எல்லோரும் பாராட்டினார்கள். சில வாரத்தில் கால் மட்டுமல்ல, வயிறு, தொடை என்று தோலே எரிய ஆரம்பித்தது. துணி உரசினால் அழுகை வரும். "நல்லது செய்ததற்கா இந்தத் தண்டனை" என்று இன்சுலினைக் குறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

இப்படி ஒன்று இருக்கிறது என்று பிறகு ஒரு நிபுணர்தான் விளக்கினார். கட்டுப்பாட்டைக் கைவிடாமல் வலி மருந்தோடு ஓட்டினோம், மாதங்கள் போகப் போகக் குறைந்தது.

இரவுப் பணி:

உண்மை. நீண்ட நாள் அதிகமாக இருந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போது, குறிப்பாக எச்பிஏ1சி மூன்று மாதத்துக்குள் 2 புள்ளிக்கு மேல் குறையும்போது, இப்படிக் கடும் வலி வரலாம். இன்சுலின் நரம்பழற்சி என்று 1930-களிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் இன்சுலின் மட்டும் காரணமல்ல, மாத்திரையாலோ உணவாலோ வேகமாக இறங்கினாலும் வரும். பெரும்பாலும் ஒன்று இரண்டு வருடத்துக்குள் தணிந்துவிடும். இதே வேகம் விழித்திரையையும் மோசமாக்கக் கூடும் என்பதால் அந்தச் சமயத்தில் கண் பரிசோதனையும் அவசியம். வெகுநாள் 11, 12 என்று இருந்தவர்களைப் படிப்படியாக இறக்குவது இதற்காகத்தான்.

வேம்படி நிழல்:

புது மருத்துவரைப் பார்த்தேன். நைலான் இழை, இசைக்கவை எல்லாம் வைத்துப் பார்த்தார். நரம்புப் பாதிப்பு என்று சொல்லிவிட்டார். பி12 சற்றுக் குறைவு, அதற்கும் மருந்து. வலிக்கு பிரிகாபலின் ராத்திரியில் குறைந்த டோஸ். எடுத்தால் காலையில் தலை கிறுகிறுக்கிறது. இதை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? இதற்கு அடிமையாகிவிடுவோமா? நான் முன்பு தலைவலிக்கு வாங்கும் வலி மாத்திரையைப் போட்டுப் பார்த்தேன், காலுக்குக் கேட்கவே இல்லை.

தென்றல் 73:

எனக்கு பிரிகாபலினில் காலும் வீங்கி எடையும் ஏறியது, டுலாக்செட்டினுக்கு மாற்றினார்கள். முதல் வாரம் குமட்டல், பிறகு பழகிவிட்டது. எரிச்சல் பூராவும் போகவில்லை. ஆனால் தூங்குகிறேன். அது பெரிய விஷயம்.

இரவுப் பணி:

தென்றல் சொன்னதுதான் நியாயமான எதிர்பார்ப்பு. வலி பாதியாகக் குறைந்து தூக்கம் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். எந்த மருந்தும் நரம்பைச் சரிசெய்வதில்லை, வலிச் சேதியை அடக்குகிறது. பிரிகாபலின், காபாபென்டின், டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் ஆகியவைதான் முதலில் தருபவை. 2022-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆப்ஷன்-டிஎம் என்ற ஆய்வில் அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின் எதில் தொடங்கினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஒன்று போதாதபோது இரண்டாவதைச் சேர்த்தால் இன்னும் குறைந்தது. அதனால் எதைத் தருவது என்பதை உங்கள் மற்ற உடல்நிலைதான் தீர்மானிக்கும். சிறுநீரகம் பழுதென்றால் பிரிகாபலின் டோஸைக் குறைக்க வேண்டும். இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு அமிட்ரிப்டிலின் ஒத்துவராது.

கிறுகிறுப்பு பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் குறையும். அதுவரை ராத்திரி எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், மது கூடவே கூடாது. நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பிரிகாபலினைத் தவறாகப் பயன்படுத்துபவர்கள் இருப்பதால்தான் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது என்கிறோம். சொன்ன அளவில் எடுப்பவருக்கு அந்தப் பயம் பெரிதாக வேண்டாம். சாதாரண வலி மாத்திரைகள் இந்த வலிக்குக் கேட்காது, ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தையும் கெடுக்கும். விட்டுவிடுங்கள்.

பெயர் வேண்டாம்:

காலைத் தாண்டி ஒன்று கேட்கலாமா? எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடுகிறது, சாப்பிட்டது வெகுநேரம் அப்படியே நிற்கிறது. ஆண்மைக் குறைவும் இருக்கிறது. இதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. மூன்றும் தனித்தனிப் பிரச்சினை என்று நினைத்து மூன்று இடத்துக்குப் போகிறேன்.

இரவுப் பணி:

கேட்டது நல்லது. இவை மூன்றுக்கும் ஒரே வேர் இருக்கலாம். நம் விருப்பமில்லாமல் தானாக இயங்கும் இதயம், குடல், சிறுநீர்ப்பை, வியர்வை எல்லாவற்றையும் நடத்தும் நரம்புகளும் சர்க்கரையால் பாதிக்கப்படும்.

படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதுதான் கண் இருட்டுவதற்குக் காரணம். நீங்கள் எடுக்கும் பிரஷர் மாத்திரைகளும் காரணமாக இருக்கலாம், பட்டியலைக் கொண்டுபோங்கள். வயிறு மெதுவாகக் காலியானால், இன்சுலின் முன்னால் வேலை செய்துவிடும், சாப்பாடு பின்னால் வரும். சாப்பிட்ட பிறகு தாழ்சர்க்கரை, சில மணி நேரம் கழித்து உயர்சர்க்கரை என்று குழப்பும். எடை குறைக்கத் தரும் செமாக்ளுடைட் வகை மருந்துகள் வயிற்றை இன்னும் மெதுவாக்கும், எடுக்கிறீர்கள் என்றால் சொல்லுங்கள்.

ஆண்மைக் குறைவுக்கு மருந்து உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை. ரத்தக்குழாய் அடைப்பின் முன்னறிவிப்பாகவும் அது இருக்கலாம் என்பதால் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் ஆண்மைக் குறைவு மாத்திரைகளைத் தொடவே கூடாது.

இந்த நரம்புகள் கெட்டவர்களுக்கு மாரடைப்பு வலியில்லாமல் வரலாம். காரணம் தெரியாத மூச்சுத் திணறல், குப்பென்று வியர்வை, திடீர்க் களைப்பு வந்தால் 'நெஞ்சு வலிக்கவில்லையே' என்று உட்கார்ந்திருக்காதீர்கள். தாழ்சர்க்கரையின் நடுக்கமும் படபடப்பும்கூடத் தெரியாமல் போகலாம். எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து தருபவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

பெயர் வேண்டாம்:

மூன்றையும் ஒருவரிடமே சொல்கிறேன். நன்றி டாக்டர்.

மாலை மழை:

அவசரம். என் அண்ணனுக்கு ஒரு பாதம் மட்டும் நன்றாக வீங்கிச் சிவந்து கொதிக்கிறது. புண் இல்லை, காய்ச்சல் இல்லை, வலியும் பெரிதாக இல்லை என்கிறார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். ஒரு வாரமாகக் குறையவில்லை. வேலைக்கு நடந்துதான் போகிறார்.

காலடி:

நடப்பதை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். இன்றைக்கே பாதச் சிகிச்சை தெரிந்த இடத்துக்கு அழைத்துப் போங்கள்.

இரவுப் பணி:

உணர்வு குறைந்த பாதம் இப்படிச் சூடாக வீங்கினால், இல்லை என்று நிரூபணமாகும் வரை அது சார்கோ பாதம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். எலும்பும் மூட்டும் உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கும், அவருக்கு வலி தெரியாது, அதனால் நடப்பார், நடக்க நடக்க இன்னும் நொறுங்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே நார்மலாகவே இருக்கும், எம்ஆர்ஐயில் தெரியும். இரண்டு பாதத்தின் சூட்டையும் தெர்மாமீட்டர் வைத்து ஒப்பிடுவார்கள். 2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைதல், தொற்று, யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கம் எல்லாவற்றையும் விலக்கிப் பார்க்க வேண்டும். ஆனால் பார்க்கும் வரைக்கும் அந்தக் காலில் எடை போடக் கூடாது.

மாலை மழை:

சார்கோ தான் என்று சொல்லிவிட்டார்கள். எம்ஆர்ஐயில் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே கட்டுப் போட்டிருக்கிறார்கள், பல மாதம் ஆகும் என்கிறார்கள். பாதத்தின் வளைவு இன்னும் உட்காரவில்லை, சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள். அண்ணன் "வலிக்காத காலுக்கு எதற்கு இத்தனை கட்டு" என்று சண்டை போடுகிறார்.

காலடி:

போடட்டும், கட்டை மட்டும் கழற்ற விடாதீர்கள். சூடு இறங்கி இரண்டு பாதமும் ஒரே அளவில் நிற்கும் வரை வேண்டும். இன்னொரு காலையும் தினமும் பாருங்கள், இப்போது எடை முழுக்க அதில்தான் விழுகிறது.

குறிஞ்சி:

நானும் சோதித்துக்கொண்டேன். உணர்வு குறைந்திருக்கிறது, எரிச்சல் நின்றது அதனால்தான். இப்போது இரண்டு கேள்வி. கார் ஓட்டலாமா? பெடலை மிதிப்பது சில சமயம் தெரிவதில்லை. அப்புறம், இனி நடைப்பயிற்சி கூடாதா?

நடைமேடை:

இயன்முறை மருத்துவர். பெடல் தெரியவில்லை என்றால் இப்போதைக்கு ஓட்டாதீர்கள். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது ஒரு நொடி வேலை. மருத்துவரிடம் சொல்லிச் சோதனை செய்துகொள்ளுங்கள். கையாலேயே இயக்கும் அமைப்புள்ள வண்டிகள் இருக்கின்றன. உரிமம் தருபவர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய விதி உங்கள் நாட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நடப்பது பற்றி: உணர்வு குறைந்தவர்கள் நடக்கவே கூடாது என்று முன்பு சொல்லிவந்தோம். இப்போது அப்படிச் சொல்வதில்லை. திறந்த புண் இல்லை, பாதம் சூடாக வீங்கவில்லை, சரியான ஷூ இருக்கிறது என்றால் நடக்கலாம். கொஞ்சமாக ஆரம்பித்துக் கூட்டுங்கள், நடந்து முடித்ததும் ஷூவைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். சிவப்பு போகாமல் நின்றால் அடுத்த நாள் ஓய்வு. புண் இருந்தால் உட்கார்ந்தபடி கைகளுக்கும் தொடைக்கும் செய்யும் பயிற்சிகள் போதும்.

சமநிலைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கால் எங்கே இருக்கிறது என்ற தகவல் பாதத்திலிருந்து வராதபோது கண்தான் ஈடுகட்டுகிறது, அதனால் முகம் கழுவக் கண்ணை மூடும்போதும் இருட்டில் நடக்கும்போதும் தள்ளாடும். அசையாத மேசை ஓரமாக நின்று, இரு கையாலும் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். பிறகு ஒரு கையால் பிடித்தபடி, ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரலுக்கு முன்னால் வைத்து நில்லுங்கள். எல்லாம் ஷூவோடுதான். படுக்கையிலிருந்து கழிவறை வரைக்கும் ராத்திரி ஒரு சிறு விளக்கு எரியட்டும்.